பதினேழாம் எண் சீட்டு

படத்துக்குக் கீழே ஒட்டும் சீட்டுகளை
அடிப்பவள் நான்.
ஓவியர் பெயர், ஆண்டு, அளவு சென்டிமீட்டரில்,
நாற்பது சொல்லுக்குள் ஒரு விளக்கம்.
நாற்பத்தொன்றாவது சொல்லுக்கு அட்டையில் இடமில்லை.

வேலூர் வெயிலில் எங்கள் கலைக்கூடத்துக்கு
யாரும் முதலில் கலை தேடி வருவதில்லை.
மின்விசிறி தேடி வருகிறார்கள்,
ஒரு மடக்குத் தண்ணீர் தேடி.
கருத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில்
மணி மணியான கையெழுத்து:
"கழிப்பறை சுத்தமாக உள்ளது. நன்றி.
படங்களும் பரவாயில்லை."
அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றார்
காப்பாட்சியர் ஹேமாவதி.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வங்காளிகள் வருவார்கள்,
அக்குளில் எக்ஸ்ரே உறை,
டோக்கன் கூப்பிட இன்னும் மூன்று மணி நேரம்.
மருமகனின் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த
நாற்பது நாளில்
முப்பத்திரண்டு நாள் வந்தாள் ஒருத்தி.
ஒரே படம். ஒரு குளம், கழுத்துவரை ஒரு எருமை.
அவள் மொழி தெரியாத நாங்கள்
ஒரு நாற்காலி போட்டோம்.
அதற்கப்புறம்தான் எங்கள் சீட்டில்
மூன்றாவதாக ஒரு மொழி ஏறியது.
லாட்ஜ் மேலாளர் எழுதிக் கொடுத்தது;
பிழை இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டாம் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு.
கிரேயான் பெட்டியில் எப்போதும்
நீலம்தான் முதலில் தீரும்.
கரை தொட்டுப் பாலாறு ஓடி அவர்கள் பார்த்தது
வெள்ளம் வந்த அந்த ஒரு நவம்பரில்,
அதுவும் காவிக் கலங்கலாய்.
என்றாலும் ஆறென்றால் நீலம்.
நானும் அப்படித்தான் வளர்ந்தவள்.

ஆற்றுப் படங்களின் கண்காட்சி, மூன்றாம் நாள்.
ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்தார் குணசீலன்,
தோல் ஷாப்பில் இருபத்தாறு வருடம்.
நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு
பதினேழாம் படத்தின் முன் நின்றார்.
நான் அடித்த சீட்டு அங்கே:
'பாலாறு, காலை. எண்ணெய் வண்ணம்.
நீரில் இறங்கி முகம் பார்க்கும் வானம்.'

"இது யார் எழுதினது மேடம்?"
நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
"வானம் இல்லைங்க இது. குரோம்.
தோலை டிரம்முல சுத்தி எடுத்தா இந்த நீலம்தான் வரும்.
லுங்கியில ஏறினா துவைச்சாலும் போவாது.
வானம் அப்படி ஒட்டுமா?"

சென்னையிலிருந்த ஓவியரை அழைத்தோம்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கண்ணில் பட்டதைப் போட்டேன்.
எங்கிருந்து வந்த நீலமென்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை."

ஹேமாவதி அண்ணாந்து பார்த்தார்.
கூடத்தின் ஆறு மின்விசிறிகளும்
ஒரு தோல் கம்பெனியின் நன்கொடை.
இறக்கைக்கு இறக்கை பெயர் எழுதியிருக்கும்,
சுற்றும்போது படிக்க முடியாது.
அன்று பார்த்து மின்வெட்டு.
ஆறு விசிறியிலும் பெயர் துலக்கமாக நின்றது.

"அவர் சொன்னதை அப்படியே அடிங்க" என்றார்.

எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு சொல்.
எதை வெட்டுவது?
'லுங்கி'யையா, 'ஒட்டுமா'வையா?
பெரிய அட்டையாக ஒன்று வாங்கிவந்தேன்.
விளக்கம்: குணசீலன், தோல் தொழிலாளி என்று
கீழே அவர் பெயரும்.

அடுத்த ஞாயிறு ஷிப்ட் முடித்து
நான்கு பேரோடு வந்தார்.
படத்தை விட்டுவிட்டு
அவர்கள் சீட்டைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்கள்.
தொடாதீர்கள் என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும்
காவலர் தணிகைவேல்
அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நால்வரில் ஒருவர் இருபதாம் படத்தின் முன் நின்று
என்னைக் கூப்பிட்டார்:
"இந்த ரயில் பாலம் திசை மாறி நிக்குதே மேடம்."

திங்களன்று அட்டை இன்னும் நிறைய வாங்கினோம்.
மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.
கொடுத்தவர்கள்
இன்னும் கண்காட்சி பார்க்க வரவில்லை.